அத்தியாயம் 7: ஓர் ஆவணத்திலிருந்து இன்னோர் ஆவணத்துக்குப் புலங்களை நகலெடுத்தல்

தேடுபொறிக்கு வரும் தரவு பெரும்பாலும் அரைகுறையாகத்தான் வரும். ஆர்டர் பதிவில் பின்கோடு இருக்கும், மாவட்டப் பெயர் இருக்காது. லாக் வரியில் பயனர் எண் இருக்கும், அவர் எந்தக் கிளையைச் சேர்ந்தவர் என்பது இருக்காது. ஒரு வேலை முடிந்ததைச் சொல்லும் பதிவில் முடிந்த நேரம் இருக்கும். தொடங்கிய நேரமோ அதற்கு முன் வந்த வேறொரு பதிவில் இருக்கும். விடுபட்டதை இன்னோர் ஆவணத்திலிருந்து எடுத்து, வந்துகொண்டிருக்கும் ஆவணத்தில் சேர்த்து, பிறகு இண்டெக்ஸில் வைப்பது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

டேட்டாபேஸில் பழகியவர்களுக்கு உடனே ஒரு கேள்வி எழும்: தேடும்போது ஜாயின் போட்டுக்கொண்டால் போதாதா? லூசீன் நூலகத்தின் மேல் கட்டப்பட்ட எலாஸ்டிக்சர்ச், சோலர், ஓப்பன்சர்ச் மூன்றிலும் ஆவணம்தான் அலகு. எந்தச் சொல்லால் தேடினால் ஓர் ஆவணம் கிடைக்கும், எதன்படி அதை வரிசைப்படுத்தலாம், எந்தக் குழுவில் சேர்த்து எண்ணலாம் என்பதெல்லாம் அந்த ஆவணத்துக்குள் இருக்கும் புலங்களைப் பொறுத்தது. ஆவணங்கள் பல ஷார்டுகளாகப் பிரிந்து பல சர்வர்களில் கிடக்கின்றன. ஒவ்வொரு தேடலிலும் அவற்றைத் தேடிப்பிடித்து இணைத்தால் தேடல் மெதுவாகிவிடும். அதனால் இணைக்கும் வேலையைத் தரவு உள்ளே வரும் நேரத்திலேயே ஒருமுறை முடித்துவிடுவது தேடுபொறி உலகின் வழக்கம்.

எடுத்துக்காட்டுகளுக்கு எலாஸ்டிக்சர்ச்சை எடுத்துக்கொள்கிறோம். ஆவணம் இண்டெக்ஸுக்குள் போகும் முன் அதை மாற்றும் ப்ராசஸர்களின் வரிசையான இன்ஜெஸ்ட் பைப்லைன் 2016-இல் 5.0 பதிப்போடு வந்தது. இன்னோர் இண்டெக்ஸிலிருந்து புலங்களை எடுத்துவரும் 'என்ரிச்' ப்ராசஸர் 2019-இல் 7.5 பதிப்போடு சேர்ந்தது. 2021-இல் எலாஸ்டிக்சர்ச் 7.10-இன் திறமூல நிரலிலிருந்து ஓப்பன்சர்ச் பிரிந்தபோது என்ரிச் அதனுடன் போகவில்லை. எனவே ஓப்பன்சர்ச் பயன்படுத்துவோர் இங்கே சொல்லும் கொள்கைகளை எடுத்துக்கொண்டு, இணைக்கும் வேலையை இண்டெக்ஸுக்கு வெளியே, தரவை அனுப்பும் இடத்தில் செய்ய வேண்டியிருக்கும்.

படிப்பதற்கு வசதியாக அமைப்புப் பெயர்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். திரையில் தட்டும்போது எலாஸ்டிக்சர்ச்சின் அமைப்புப் பெயர்களைப் பொதுவாக ஆங்கிலச் சிற்றெழுத்தில், இரு சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது

பைப்லைனைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மூல ஆவணம் நாளை மாறினால், நகலும் மாற வேண்டுமா?

ஒரு கடையின் ஆர்டர்களை இண்டெக்ஸ் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டரில் 627811 என்ற பின்கோடு இருக்கிறது. அது தென்காசி. 2019 அக்டோபரில் அந்த ஆர்டர் வந்திருந்தால், பின்கோடு பட்டியலைப் பார்த்து மாவட்டம் 'திருநெல்வேலி' என்று நகலெடுத்திருப்போம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. பட்டியலைத் திருத்திய பிறகு வரும் ஆர்டர்களில் அதே பின்கோட்டுக்கு மாவட்டம் 'தென்காசி' என்று விழும். இப்போது மாவட்டவாரி விற்பனை அறிக்கை கேட்டால், ஒரே தெருவுக்குப் போன சரக்கு இரண்டு மாவட்டங்களின் கணக்கில் பிரிந்து நிற்கும்.

இதில் எது சரி? அனுப்பிய நாளில் பில்லில் அச்சான மாவட்டம் எது என்று கணக்காளர் கேட்டால் 'திருநெல்வேலி'தான் சரி. இன்றைய தென்காசி மாவட்டத்தில் இதுவரை எவ்வளவு விற்றிருக்கிறோம் என்று விற்பனை மேலாளர் கேட்டால் 'தென்காசி'தான் சரி. மளிகைக் கடை ரசீதில் அச்சான விலை, மறுநாள் விலைப்பலகை மாறியதற்காக மாறுவதில்லை. பலகையோ அன்றன்றைய விலையைத்தான் காட்ட வேண்டும். நகலெடுக்கும் ஒவ்வொரு புலமும் இந்த இரண்டில் ஒன்று. முதல் வகையை 'உறைந்த புலம்' என்றும் இரண்டாவதை 'நடப்புப் புலம்' என்றும் இந்த நூலில் அழைப்போம்.

விற்ற விலை, வரி விகிதம், அனுப்பிய முகவரி ஆகியவை உறைந்தவை. வாடிக்கையாளரின் தற்போதைய பெயர், பொருள் இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது ஆகியவை நடப்புப் புலங்கள். சில தகவல்கள் இரண்டு வகையிலும் தேவைப்படும். அப்போது தயங்காமல் இரண்டு புலங்களாக வையுங்கள்: 'அனுப்பிய மாவட்டம்', 'நடப்பு மாவட்டம்'. ஒரே புலத்தை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தினால் கணக்காளர், மேலாளர் இருவரில் ஒருவருக்குத் தவறான எண்ணைத்தான் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே ஆவணத்துக்குள் நகல்

ஒரே ஆவணத்தின் ஒரு புலத்தை இன்னொரு புலத்துக்கு நகலெடுக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளைவு வேறு.

முதல் வழி, பைப்லைனில் 'செட்' ப்ராசஸர். அதன் 'காப்பி ஃப்ரம்' அமைப்பில் மூலப் புலத்தின் பெயரைக் கொடுத்தால் மதிப்பு தன் வகை மாறாமல் வந்து சேரும்: எண் எண்ணாகவே, பட்டியல் பட்டியலாகவே. பழைய பைப்லைன்களில் இதையே 'வேல்யூ' அமைப்பில், நெளிவு அடைப்புக்குள் புலப்பெயரை இட்டுச் செய்திருப்பார்கள். அது வார்ப்புரு. எதைக் கொடுத்தாலும் எழுத்துச் சரமாகத்தான் திருப்பித் தரும். 3 என்ற எண் '3' என்ற எழுத்தாகும். பட்டியல் முழுவதும் ஒற்றைச் சரமாகிவிடும். அப்படிப்பட்ட பைப்லைன் உங்களிடம் இருந்தால் 'காப்பி ஃப்ரம்' என்று மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழி, இண்டெக்ஸின் மேப்பிங்கில் 'காப்பி டு'. தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் மூன்றையும் சேர்த்து ஒரே புலத்தில் தேட வேண்டும் என்றால் இதுதான் பொருத்தம். ஆனால் இது மூல ஜேசனைத் தொடாது. நகலான புலத்தில் தேடலாம். தேடல் முடிவில் திரும்பி வரும் ஆவணத்தில் அது இருக்காது. சோலரின் 'காப்பி ஃபீல்டு' வசதியும் இதற்கு நெருங்கிய இனம்தான். அங்கே சொல்பகுப்பு நடப்பதற்கு முன்பே, வந்த மூல உரை அப்படியே நகலாகிறது. இரண்டிலுமே சங்கிலி போட முடியாது: முதல் புலத்திலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் என்று எழுதினால் மூன்றாவது வெறுமையாகவே இருக்கும். முதல் புலத்திலிருந்தே இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

இன்னோர் இண்டெக்ஸிலிருந்து நகல்: என்ரிச்

இனி அத்தியாயத்தின் மையம். பைப்லைனில் 'ஸ்கிரிப்ட்' ப்ராசஸர் இருக்கிறதே, அதில் நாலு வரி எழுதி மற்ற ஆவணத்தைப் படித்துவிடலாம் என்று பலர் தொடங்குவார்கள். முடியாது. ஸ்கிரிப்டின் கைக்கு எட்டுவது கடந்துபோகும் அந்த ஓர் ஆவணம் மட்டுமே. வெளியே பார்க்க என்ரிச் வேண்டும்.

என்ரிச் நான்கு படிகளில் அமைகிறது.

படி 1. மேற்கோள் இண்டெக்ஸை, அதாவது புலங்களை எடுத்துவரும் மூல இண்டெக்ஸை, தயார் செய்யுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது பின்கோடு பட்டியல்: ஒவ்வோர் ஆவணத்திலும் பின்கோடு, மாவட்டம், மாநிலம். இந்தியாவில் 1972-இல் அறிமுகமான பின்கோடு ஆறு இலக்க எண். ஆனால் ஒரே பின்கோட்டின் கீழ் பல அஞ்சலகங்கள் இருக்கலாம். அஞ்சலகவாரியான பட்டியலை அப்படியே ஏற்றினால் ஒரு பின்கோட்டுக்குப் பல ஆவணங்கள் கிடைக்கும். அவற்றில் எது பொருந்தும் என்பது உங்கள் கையில் இருக்காது. ஏற்றும்போதே பின்கோட்டை ஆவணத்தின் ஐடியாக வைத்துவிட்டால் ஒரு பின்கோட்டுக்கு ஓர் ஆவணத்துக்கு மேல் சேராது. எந்த ஆவணம் நிலைக்க வேண்டும் என்பதை ஏற்றுவதற்கு முன் நீங்களே தீர்மானியுங்கள். அதை ஏற்றும் வரிசையின் போக்கில் விட்டுவிடாதீர்கள்.

படி 2. பாலிசி எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- வகை: மேட்ச்
- இண்டிசஸ்: பின்கோடு பட்டியல்
- மேட்ச் ஃபீல்டு: பின்கோடு
- என்ரிச் ஃபீல்ட்ஸ்: மாவட்டம், மாநிலம்

'மேட்ச்' வகை மதிப்பு அப்படியே பொருந்துவதற்கு. ஐபி முகவரி அல்லது தேதி ஒரு வரம்புக்குள் விழுகிறதா என்று பார்க்க 'ரேஞ்ச்'. வரைபடத்தில் ஒரு புள்ளி எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பார்க்க 'ஜியோ மேட்ச்'. எழுதிய பாலிசியைத் திருத்த முடியாது. ஒரு புலம் கூடுதலாக வேண்டும் என்றாலும் புதிய பாலிசிதான். ஆகவே பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுங்கள்: 'அஞ்சல்-1', 'அஞ்சல்-2'. பழையதை ஏதாவது பைப்லைன் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வரை அதை நீக்கவும் முடியாது.

படி 3. பாலிசியை இயக்குங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். இயக்கும் கணத்தில், மேற்கோள் இண்டெக்ஸிலிருந்து தேவையான புலங்களை மட்டும் எடுத்து, எழுத முடியாத தனி இண்டெக்ஸ் ஒன்று உருவாகிறது. பைப்லைன் பார்ப்பது அந்த இண்டெக்ஸைத்தான். பின்கோடு பட்டியலில் தென்காசியைத் திருத்திவிட்டு, பாலிசியை மறுபடி இயக்காமல் விட்டால் புது ஆர்டர்களிலும் 'திருநெல்வேலி'யே விழுந்துகொண்டிருக்கும். பாலிசியைத் தானாக இயக்கும் நேர அட்டவணை என்ரிச்சில் கிடையாது. பட்டியலை ஏற்றும் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக இயக்கும் கட்டளையைச் சேருங்கள், அல்லது கிரான் வேலையாக வையுங்கள். புது இண்டெக்ஸ் தயாரானதும் தேடல் தானாக அதற்கு மாறிவிடும். பழையதைப் பின்னர் அமைப்பே துப்புரவு செய்யும்.

படி 4. பைப்லைனில் ப்ராசஸரைச் சேருங்கள். பாலிசியின் பெயர், வரும் ஆவணத்தில் எந்தப் புலத்தை வைத்துத் தேடுவது, கிடைத்ததை எந்தப் புலத்தில் வைப்பது ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். கடைசியதுதான் 'டார்கெட் ஃபீல்டு'. அதற்கு 'அஞ்சல்' என்று பெயர் வைப்போம். பொருந்திய ஆவணத்தின் மாவட்டம், மாநிலத்தோடு மேட்ச் புலமான பின்கோடும் அதற்குள் வந்து சேரும். 'மேக்ஸ் மேட்சஸ்' அமைப்பின் இயல்பு மதிப்பு 1, அதிகபட்சம் 128. ஒன்று என்றால் 'அஞ்சல்' ஒரு பொருளாக வரும். ஒன்றுக்கு மேல் வைத்தால் பட்டியலாக வரும். பிற்பாடு 1-ஐ 5 ஆக்கினால் அதைப் படிக்கும் அடுத்த ப்ராசஸர்கள் எல்லாம் உடைந்துபோகும். தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்.

ஓர் ஆர்டரைப் பின்தொடர்வோம்

ஆர்டர் ஆவணம் இப்படி வருகிறது:

ஆர்டர் எண்: 1042
பின்கோடு: 627 811
தொகை: 860

முகவரி எழுதுவோர் ஆறு இலக்கத்தை மூன்று மூன்றாகப் பிரித்து எழுதுவது நம் ஊர் வழக்கம். என்ரிச்சின் மேட்ச் வகை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். நடுவே ஓர் இடைவெளி இருந்தால் பொருந்தாது. 'டிரிம்' ப்ராசஸர் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை மட்டும் நீக்கும். நடுவில் உள்ளதைத் தொடாது. நடு இடைவெளியை நீக்க 'ஜிசப்' வேண்டும். ஆனால் ஜிசப் எழுத்துச் சரத்தில் மட்டுமே வேலை செய்யும். இன்னொரு கிளையிலிருந்து அதே பின்கோடு 627811 என்று எண்ணாக வந்தால் அது பிழை எழுப்பிவிடும். ஆகவே முதலில் 'கன்வர்ட்' கொண்டு சரமாக மாற்ற வேண்டும். விரிதாளிலிருந்து வந்த தரவில் 627811.0 என்று தசமம் ஒட்டியிருந்தால், கன்வர்ட் அதையும் அப்படியே சரமாக்கும். அந்த வாலை வெட்ட இன்னொரு ஜிசப் தேவை.

இவற்றைச் சேர்த்தால் பைப்லைனின் வரிசை இப்படி அமைகிறது:

1. கன்வர்ட்: பின்கோட்டைச் சரமாக்கு.
2. ஜிசப்: கடைசியில் உள்ள தசம வாலை நீக்கு.
3. ஜிசப்: எல்லா இடைவெளிகளையும் நீக்கு.
4. என்ரிச்: 'அஞ்சல்' புலத்தில் மாவட்டம், மாநிலம்.
5. செட்: அஞ்சலுக்குள் இருக்கும் மாவட்டத்தை 'நடப்பு மாவட்டம்' புலத்துக்கு நகலெடு.
6. செட்: அதையே 'அனுப்பிய மாவட்டம்' புலத்துக்கும் நகலெடு, ஆனால் 'ஓவர்ரைடு' வேண்டாம்.
7. செட்: நகலெடுத்த நேரத்தை எழுது.
8. ரிமூவ்: 'அஞ்சல்' புலத்தை நீக்கு.

ஆறாவது வரியில்தான் சூட்சுமம். ஓவர்ரைடை அணைத்துவிட்டால், புலத்தில் ஏற்கெனவே மதிப்பு இருக்கும்போது செட் அதைத் தொடாது. முதல்முறை ஆவணம் உள்ளே வரும்போது இரண்டு மாவட்டப் புலங்களும் நிரம்பும். பின்னொரு நாள் அதே ஆவணத்தை இதே பைப்லைன் வழியே மறுபடி ஓட்டினால் நடப்பு மாவட்டம் மட்டும் புதுப்பிக்கப்படும். அனுப்பிய மாவட்டம் உறைந்தே இருக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆர்டர் மென்பொருள் அதே ஐடியோடு ஆவணத்தை முழுசாக மறுபடி அனுப்பினால், பைப்லைன் பார்ப்பது புதிதாக வரும் ஆவணத்தை மட்டும்தான். இண்டெக்ஸில் இருக்கும் பழையதை அது பார்க்காது. அனுப்பிய மாவட்டம் காலியாக இருப்பதாக நினைத்து இன்றைய மதிப்பை நிரப்பிவிடும். உறைய வேண்டிய புலம் சட்டத்துக்கோ கணக்குக்கோ முக்கியமானது என்றால், அதை ஆர்டர் மென்பொருளே சேமித்து அனுப்பட்டும். அந்தப் பொறுப்பைத் தேடுபொறியின் மேல் வைக்காதீர்கள்.

பொருந்தாதபோது என்ன ஆகும்

இல்லாமை இரண்டு விதம். ஆர்டரில் பின்கோடு புலமே இல்லாவிட்டால் மேலுள்ள ப்ராசஸர்கள் பிழை எழுப்பி ஆவணத்தைத் தள்ளிவிடும். 'இக்னோர் மிஸ்ஸிங்' போட்டிருந்தால் விட்டுவிடும். பின்கோடு இருந்தும் பட்டியலில் பொருந்தவில்லை என்றால் என்ரிச் பிழையே சொல்லாது. 'அஞ்சல்' புலம் இல்லாமல் ஆவணம் நகர்ந்துபோகும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. லாக்கில் எதுவும் தெரியாது; அறிக்கையில் மட்டும் எண்ணிக்கை குறையும்.

எனவே 5, 6, 7, 8 வரிகளுக்கு 'அஞ்சல் இருந்தால் மட்டும்' என்று 'இஃப்' நிபந்தனை போடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத புலத்தை நகலெடுக்கப் போய் செட் தடுக்கி விழும். அதோடு, 'அஞ்சல் இல்லாவிட்டால் குறிச்சொல் சேர்' என்று ஒரு வரியும் 8-ஆம் வரிக்கு முன் வேண்டும். குறிச்சொல்லை வைத்து ஓர் எளிய டாஷ்போர்டு போட்டால், பொருந்தாத பின்கோடுகள் தினமும் கண்ணில் படும். அவற்றில் பெரும்பாலானவை தட்டச்சுப் பிழையா, பட்டியலின் பழமையா என்று பார்த்தால் அடுத்து எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

பிழையோடு நின்ற ஆவணங்களை இழக்க வேண்டாம். பைப்லைனின் 'ஆன் ஃபெய்லியர்' பகுதியில், ஆவணம் போக வேண்டிய இண்டெக்ஸின் பெயரை மாற்றி, பிழைச் செய்தியையும் ஒரு புலத்தில் எழுதி, தனி இண்டெக்ஸுக்கு அனுப்புங்கள். 'இக்னோர் ஃபெய்லியர்' என்று எல்லா இடத்திலும் போட்டு வாயடைப்பது, பிழையைத் தள்ளிப்போடும் வேலை.

சுமை

என்ரிச் செய்வது ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு தேடல். அவற்றைத் தொகுத்து அனுப்புகிறது, விடைகளைக் கேச்சில் வைக்கிறது. ஆனாலும் அது இலவசம் இல்லை. காத்திருக்கும் வரிசைக்கு ஓர் எல்லை உண்டு, இயல்பாக 1024. மொத்தமாகப் பழைய தரவை ஏற்றும் நாளில் வரிசை நிரம்பிவிட்டது என்ற பிழை வந்தால், முதலில் ஏற்றும் வேகத்தைக் குறையுங்கள். இன்ஜெஸ்ட் வேலையும் தரவும் ஒரே நோடில் இருந்தால் தேடலுக்காக நெட்வொர்க்கைக் கடக்க வேண்டியதில்லை. 'என்ரிச் ஸ்டாட்ஸ்' கட்டளை வரிசையின் நிலையைக் காட்டும்.

நொடிக்கு நொடி மாறும் இருப்பு நிலவரம், பங்கு விலை போன்றவற்றுக்கு என்ரிச் பொருந்தாது. மெதுவாக மாறும் மேற்கோள் தரவுக்காகவே அது உருவானது.

நேற்று வந்த ஆவணங்கள்

பாலிசியை மறுபடி இயக்கினால் இனி வரும் ஆவணங்களுக்குத்தான் புது மதிப்பு. ஏற்கெனவே இண்டெக்ஸில் இருப்பவை அப்படியே இருக்கும். அவற்றையும் மாற்ற 'அப்டேட் பை குவெரி' கட்டளையைப் பைப்லைன் பெயரோடு ஓட்ட வேண்டும். எலாஸ்டிக்சர்ச்சில் ஆவணத்தின் ஒரு புலத்தை மட்டும் இடத்திலேயே திருத்த முடியாது; பழைய ஆவணத்தை நீக்கியதாகக் குறித்துவிட்டு முழு ஆவணத்தையும் புதிதாக எழுதுகிறது. ஆகவே இண்டெக்ஸ் முழுவதற்கும் ஓட்டாதீர்கள். மாறிய பின்கோடுகளை மட்டும் குவெரியில் கொடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு யாரோ அதே ஆவணத்தைத் திருத்தினால் பதிப்பு மோதல் வந்து வேலை பாதியில் நிற்கும். மோதலைத் தாண்டிப் போகச் சொல்லும் அமைப்பு உண்டு. தாண்டிவந்த ஆவணங்களுக்காகக் கட்டளையை இன்னொருமுறை ஓட்டுங்கள். நொடிக்கு எத்தனை என்று வேகவரம்பு வைத்து, பின்னணிப் பணியாக விடுவது நல்லது. மேப்பிங்கே மாறுகிறது என்றால் புது இண்டெக்ஸுக்கு 'ரீஇண்டெக்ஸ்' செய்து, முடிந்ததும் ஏலியாஸை மாற்றுங்கள்.

ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்கு

மேற்கோள் பட்டியலே இல்லாத ஒரு வகை நகல் உண்டு. 'வேலை தொடங்கியது', 'வேலை முடிந்தது' என இரண்டு லாக் பதிவுகள். இரண்டிலும் ஒரே பணி எண். தொடக்க நேரத்தை முடிவுப் பதிவுக்குள் கொண்டுவந்தால் எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கிடலாம். தரவைச் சேகரித்து அனுப்பும் லாக்ஸ்டாஷின் 'எலாஸ்டிக்சர்ச் ஃபில்டர்' இதற்கென்றே இருக்கிறது: முடிவுப் பதிவு வரும்போது, அதே பணி எண் கொண்ட தொடக்கப் பதிவை இண்டெக்ஸில் தேடி, அதன் நேரத்தை நகலெடுக்கும். தேடல் தோற்றால் பதிவில் ஒரு குறிச்சொல்லை ஒட்டும்.

நீண்ட வேலைகளுக்கு இது சரியாக ஓடும். சில நொடிகளில் முடியும் வேலைகளில் தடுமாறும். இரண்டு காரணங்கள். எலாஸ்டிக்சர்ச்சில் எழுதிய ஆவணம் உடனே தேடலில் வராது. அடுத்த 'ரிஃப்ரெஷ்' நடக்க வேண்டும். இயல்பாக அதன் இடைவெளி 1 நொடி. இரண்டாவது, லாக்ஸ்டாஷ் பதிவுகளைத் தொகுதியாகக் கையாள்கிறது, இயல்பாக 125. தொகுதியின் எல்லாப் பதிவுகளும் ஃபில்டர்களைக் கடந்த பிறகுதான் வெளியே எழுதப்படும். தொடக்கமும் முடிவும் ஒரே தொகுதியில் வந்தால், முடிவு தேடும் நேரத்தில் தொடக்கம் இண்டெக்ஸுக்குக் கிளம்பியே இருக்காது. போதாததற்கு, சிபியு கோர் ஒன்றுக்கு ஒரு வொர்க்கர் என்று இணையாக ஓடுவதால் பதிவுகளின் வரிசையும் மாறலாம்.

'அக்ரிகேட்' ஃபில்டர் நினைவகத்திலேயே இணைக்கும். ஆனால் வொர்க்கரை ஒன்றாகக் குறைக்க வேண்டும், வேகம் போய்விடும். இதைவிடச் சுத்தமான வழி, நகலெடுப்பதையே தவிர்ப்பது. பணி எண்ணையே ஆவணத்தின் ஐடியாக வைத்து, இரண்டு பதிவுகளும் ஒரே ஆவணத்தைத் திருத்தும்படி, இல்லாவிட்டால் உருவாக்கும்படி அமையுங்கள். தொடக்கப் பதிவு தன் நேரத்தை ஒரு புலத்தில் எழுதும், முடிவுப் பதிவு இன்னொன்றில். எது முன்னால் வந்தாலும் கவலையில்லை. நேர வித்தியாசத்தைத் தேடும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எப்போது நகலெடுக்கக் கூடாது

அடிக்கடி மாறும், ஆனால் அரிதாகக் கேட்கப்படும் புலத்தை நகலெடுக்காதீர்கள். ஐடியை மட்டும் வைத்துக்கொண்டு, தேடல் முடிவில் வந்த பத்து ஆவணங்களுக்கு மட்டும் செயலியில் விவரத்தை எடுத்துக்காட்டலாம். எலாஸ்டிக்சர்ச்சின் 8.18 பதிப்பில் முன்னோட்டமாக வந்த 'லுக்அப் ஜாயின்' அறிக்கைகளுக்கு உதவும். தேடும் நேரத்திலேயே மேற்கோள் இண்டெக்ஸோடு இணைக்கும்.

தனிநபர் தகவலை நகலெடுக்கும் முன் இருமுறை யோசியுங்கள். வாடிக்கையாளரின் கைபேசி எண்ணை அவருடைய எல்லா ஆர்டர்களிலும் நகலெடுத்துவிட்டால், நாளை அவர் நீக்கச் சொல்லும்போது அத்தனை இடத்திலும் நீக்க வேண்டும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. தேடலுக்குத் தேவையில்லாத தகவல் இண்டெக்ஸில் இருக்க வேண்டியதே இல்லை.

நேரலைக்குப் போகும் முன்

'சிமுலேட்' கட்டளையில் விரிவான வெளியீட்டைக் கேட்டால், ஒவ்வொரு ப்ராசஸருக்குப் பிறகும் ஆவணம் எப்படி இருக்கிறது என்று காட்டும். இந்த ஐந்து மாதிரிகளையாவது ஓட்டிப் பாருங்கள்:

- சரியான பின்கோடு
- நடுவில் இடைவெளி உள்ளது
- எண்ணாக, தசம வாலோடு வருவது
- பட்டியலில் இல்லாத பின்கோடு
- பின்கோடு புலமே இல்லாத ஆவணம்

ஐந்தும் நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் போய் நின்றால், பைப்லைனை இண்டெக்ஸின் இயல்புப் பைப்லைனாக அமைத்துவிடுங்கள். அதன் பிறகு தரவை அனுப்புவோர் பைப்லைன் பெயரைக் குறிப்பிட மறந்தாலும் வேலை நடக்கும்.

கடைசியாக, நகலெடுக்கும் ஒவ்வொரு புலத்துக்கும் நான்கு விஷயங்களை எழுதி, பைப்லைன் நிரலோடு சேர்த்தே வையுங்கள்: எங்கிருந்து வருகிறது, உறைந்ததா நடப்பா, மூலம் மாறினால் எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும், அதை ஓட்டும் பொறுப்பு யாருடையது. நான்காவது கேள்விக்குப் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் புலத்தை நகலெடுக்காதீர்கள்.